புவனேஸ்வரி அக்காவும் மலைமேல் தண்ணீரும்

புவனேஸ்வரி அக்கா இறந்த செய்தியை டொரொண்டோவிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னார். அன்று மாலையே பழைய துபாய் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ராஜமாணிக்கம் ஓர் இரங்கல் எழுதியிருந்தார்: “அக்காவோடு நாங்கள் எல்லோரும் மலைக்குத் தண்ணீர் சுமந்த அந்த நாட்கள்!” அவர் ஒரு சொட்டுகூடச் சுமக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். ராஜமாணிக்கம் எங்கள் சூப்பர்வைசர். கம்பெனியின் பிக்கப் வண்டி அவரிடம் இருந்தது. அக்கா தேராவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் வேலை பார்த்தபோது மலையேறப் பழகியவர். வெள்ளிக்கிழமைகளில் மூவரும் ராஸ் அல் கைமா மலைகளுக்குப் போவோம். நான் பேசிக்கொண்டே ஏறி இளைத்தால், “மூச்சு வாங்கினால் கதையை நிப்பாட்டுங்கோ தம்பி, நடையை நிப்பாட்டாதேங்கோ” என்பார் அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை, கழுதைப் பாதையில் மூன்று மணி நேரம் ஏறி, உயரத்தில் ஒளிந்திருந்த ஒரு பள்ளத்தாக்கை அடைந்தோம். நாலைந்து கல்வீடுகள், கல் அடுக்கிய சின்ன வயல்கள். ஆள் அரவமே இல்லை. வெயில் காலத்துக்குக் கீழே பேரீச்சந்தோட்டங்களுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பாறையோரம் அவர்களுடைய மழைநீர்த் தொட்டி. அதில் முழங்கால் அளவு தண்ணீர்.

அக்கா மேட்டின் மறுபக்கம் போயிருந்தார். பிரியாணி தின்று முடித்ததும் ராஜமாணிக்கம் எண்ணெய் வழிந்த பாத்திரத்தைத் தொட்டிக்குள் முக்கிக் கழுவினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிக் கால் கழுவினார். நான் தடுக்கவில்லை; குனிந்து என் எச்சில் கையையும் அதிலேயே கழுவினேன்.

திரும்பி வந்த அக்கா தண்ணீரில் மிதந்த கொழுப்பையும் சோற்றையும் பார்த்தார்.

“இது ஆக்கள் குடிக்கிற தண்ணியெல்லோ! உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?”

“ஆளே இல்லாத மலையில யார் குடிக்கப் போறாங்க? கலாஸ், முடிஞ்சுது, விடுங்கம்மா” என்றார் ராஜமாணிக்கம்.

அக்கா தரையில் குப்புறப் படுத்து ஒரு தகரக் குவளையால் கொழுப்பை வழிக்கத் தொடங்கினார். போகலாம் என்று நாங்கள் எத்தனை முறை கூப்பிட்டும் எழவில்லை. பிற்பகலில் ஒரு கிழவர் கழுதையோடு ஏறி வந்தார். தொட்டிக்காரர். ஒரு வாரத்தில் குடும்பம் மேலே வருகிறது, மழை வரும்வரை அவர்களுக்கு இருந்தது அந்தத் தண்ணீர்தான். அக்கா தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அரபியில் எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் கையை நனைத்து முகர்ந்தார், மண்ணில் துடைத்துக்கொண்டார். கழுதையின் மேலிருந்த தோல்பையை அவிழ்த்து எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினார்.

ராஜமாணிக்கம் மடமடவென்று குடித்தார். நானும் குடித்தேன். அக்கா தொடவில்லை. இறங்கும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அதைக் குடிக்க உங்களுக்குத் தொண்டை விட்டுதோ?”

அடுத்த வெள்ளி காலை அவர் என் ரூம் வாசலில் நின்றார். கீழே கான் பாய் என்ற பதான் டிரைவரின் வாடகைப் பிக்கப், அது நிறையத் தண்ணீர்க் கேன்கள். நான் லுங்கியோடு நின்றபடி, “இன்னிக்கு டூட்டி இருக்குக்கா” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி தம்பி, சாரத்தோடயே டூட்டிக்குப் போங்கோ.”

அன்று அவரும் கான் பாயும் மட்டும் மலைக்குச் சுமந்தார்கள். மறுநாள் சைட்டில், நான் சொல்லக் கேட்ட ராஜமாணிக்கம், அக்கா கேன் சுமப்பதுபோல் நடித்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். என் வாயும் சிரித்தது. அன்று என்னோடு எனக்கே இருக்கப் பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளி நானே கிளினிக் வாசலுக்குப் போய் நின்றேன். அக்கா ஒரு கேனை என் தோளில் ஏற்றினார்.

மழை வரும்வரை வெள்ளிதோறும் சுமந்தோம். மழைக்குப் பிறகு போனபோது, கழுவித் துப்புரவாக்கிய தொட்டி நிறைந்திருந்தது. கிழவர் அக்காவைக் கூட்டிப்போய்ச் சந்தோஷமாகக் காட்டினார். வழிப்போக்கர் யாரும் குடிக்கலாம் என்று அவருடைய தகப்பன் காலத்திலிருந்து திறந்தே கிடந்த அந்தத் தொட்டிக்கு இப்போது ஒரு பலகைக் கதவு; அதில் ஒரு புதுப் பூட்டு.

அக்கா பூட்டைத் தொட்டுப் பார்த்தார். “இது எங்களுக்காகப் போட்ட பூட்டு, தம்பி” என்றார். ‘உங்களுக்காக’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவரைச் சாந்தமானவர் என்று குழுவில் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னிடம் அவர் சாந்தமாக இருந்ததில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, என் மேலேயே எனக்கு வரும் அருவருப்பு. இத்தனை வருடத்தில் அது கொஞ்சமும் மங்கவில்லை. மங்கிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.