யூபிஎஸ்ஸை அணைத்த மேரி

ஓசூரில் ஒரு நெட்வொர்க் சர்வீஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ரவுட்டர்களோடு மல்லுக்கட்டுகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது என் தவறு ஒன்றைத்தான்.

அன்று காலை ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பாகலூர் கிடங்கிலிருந்து அழைப்பு. ஓசூர் ஆலையில் இருக்கும் சர்வரோடு தொடர்பு அறுந்துவிட்டது. பில் போட முடியாமல் சரக்கு ஏற்றிய லாரிகள் வாசலில் நின்றன.

நான் போனபோது மேலாளர் திம்மராஜ் கத்திக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டோர்ஸில் ஒப்பந்த வேலை பார்க்கும் மேரி.

"இந்தம்மா ரவுட்டரோட யூபிஎஸ்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாங்க சார். அதுலருந்துதான் போச்சு. நாளைலருந்து வர வேணாம்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

நானும் சிடுசிடுத்தேன். "அத எதுக்கும்மா தொட்டீங்க?"

"அதுலருந்து கருகுற வாசன வந்துச்சு சார். பக்கத்துலயே அட்டப்பொட்டிங்க. பத்திக்கிச்சுன்னா என்ன ஆவறது? எலக்ட்ரீஷியன் வந்து வயர மாத்தின அப்புறம்தான் திரும்பப் போட்டேன்."

லேப்டாப்பைச் செருகினேன். ஓசூர் ரவுட்டருக்கு அனுப்பிய பிங் என்ற சோதனைச் செய்தி போய்த் திரும்பியது. லைன் நன்றாகவே இருந்தது. ஆனால் ஓஎஸ்பிஎஃப் எழவில்லை. பக்கத்து ரவுட்டரிடம் எந்த ஊருக்கு எந்த வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. இரண்டு ரவுட்டரும் ஒன்றையொன்று பார்த்துவிட்டு, எக்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நின்றன.

இரண்டு ரவுட்டரின் கான்ஃபிக் அமைப்புகளையும் ஒப்பிட்டேன். ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எம்டியூ, பாகலூரில் 1500. ஓசூரில் 1400. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் நகராது.

அந்த 1400ஐப் போட்டவன் நான். லைன் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, பத்து நாளுக்கு முன் ஓசூரில் மாற்றினேன். அடுத்து பாகலூரில் மாற்ற வேண்டும். வேறு அழைப்பு வந்தது, மறந்துவிட்டேன்.

பாகலூரிலும் 1400 போட்டேன். ஒரு நிமிடத்தில் பில் வரத் தொடங்கியது.

"பாத்தீங்களா, எல்லாம் இந்தம்மாவால வந்த வென" என்றார் திம்மராஜ். நான் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தேன். வாசல் வரை வந்தும்விட்டேன். மேரி கடைசி நாள் வேலையாகப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். திம்மராஜிடம் திரும்பிப் போனேன்.

"சார், தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பத்து நாளா எப்படி ஓடுச்சு?"

"ஏற்கெனவே சேந்த ரவுட்டருங்க அத மறுபடி பாக்காது சார். ரீஸ்டார்ட் ஆனப்பதான் பாத்துச்சு. இவங்க அணைக்கலன்னாலும், என்னைக்காவது ரீஸ்டார்ட் ஆனா இதேதான் நடந்திருக்கும்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

சர்வீஸ் ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் என் பெயரோடு எழுதினேன். அவர் என் முன்னாலேயே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, மேரி வேலையில் இருக்கட்டும் என்று கன்னடத்தில் சொன்னார். என் கம்பெனி என்னை அந்த வாடிக்கையாளரிடமிருந்து எடுத்து, ஆறு மாதம் கேபிள் இழுக்கும் வேலையில் போட்டது.

மேரி நன்றியெல்லாம் சொல்லவில்லை. "வேல போச்சுன்னு வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டேன் சார். இப்ப மறுபடி பண்ணணும்" என்று போனைக் கையில் எடுத்தார்.

கடைசியாகத் தொட்டவர்தான் கெடுத்தவர் என்று நினைக்காதீர்கள். ஒரு லிங்க் விழுந்தால், அதில் கடைசியாக நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதை முதலில் பாருங்கள். அதற்கப்புறம் மற்றவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது, "எதுக்குத் தொட்டீங்க" என்று கேட்காதீர்கள். "என்ன பாத்தீங்க" என்று கேளுங்கள்.