கயிற்றுக்குள் எண்ணிய செடிகள்

நான்கு முளை அடித்து, சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே என்னென்ன செடி எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சம்பளம் தந்த வேலை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு நாளாவது குனிந்து வேலை பார்த்திருந்தால், என் முதுகு பட்ட பாடு உங்களுக்கும் புரியும்.

வேலிக்கு உள்ளே

செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு புறம்போக்கு. ஆடு மேய்ந்து மேய்ந்து மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. ஆடு வாய் வைக்காவிட்டால் என்ன முளைக்கும் என்று பார்க்க, அதில் ஒரு மூலையை மட்டும் முள்வேலி போட்டு அடைத்தோம். அங்கே ஆடு மேய்க்கும் அஞ்சலை தினமும் சண்டைக்கு வந்தார். "இருக்கற கொஞ்சத்தையும் அடைச்சிட்டா என் ஆடு என்னத்தத் திங்கும், உங்க கயித்தையா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உள்ளே எண்ணுவதற்கும் ஒன்றுமில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. அடுத்த மாதம் போனேன். வேலிக்கு வெளியே அதே மொட்டைத் தரை. உள்ளே முழங்கால் உயரம் புல், நடுவில் கொழுஞ்சி, ஆவாரங்கன்று, பேர் தெரியாத நீலப் பூ. ஒரு விதைகூட நாங்கள் போடவில்லை. மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் கணக்கு தப்பியது. புல்லைக் கையால் அறுத்துக்கொள்ள அஞ்சலைக்கு எங்கள் அதிகாரி அனுமதி கொடுத்தார். அரிவாளோடு உள்ளே வந்தவர் அறுக்காமல், புல்லை விலக்கி அடிமண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "இத்தனையும் மண்ணுக்குள்ள உசுரப் புடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கு பாரு தம்பி."

புதர் – ஒன்று

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரம் எங்களுக்கு இன்னொரு சதுரம். ஆடு கடித்து, விறகுக்கு வெட்டுப்பட்டு, இடுப்புக்கு மேல் வளராத ஒரு வன்னி அதில் நின்றது. "புதர் – ஒன்று" என்று எழுதி வைத்திருந்தேன். மறுவருடம் போனால் சதுரத்தில் பாதி இல்லை. பள்ளம் வன்னியின் காலடி வரை வந்துவிட்டது.

பள்ளத்துக்குள் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வெட்டிய சுவரில், செம்மண்ணைத் தாண்டி, வெள்ளைக் கல்லின் வெடிப்புகளில் புகுந்து, என் தொடை கனத்துக்கு ஒரு வேர் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று ஆள் உயரம் வரை கண்ணில் பட்டது. அதற்குக் கீழே கல்லுக்குள் மறைந்தது. மறுநாள் அந்தச் சுவரையும் இடிக்க வேண்டிய பொக்லைன் டிரைவர் சேகர், வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, நோட்டை எட்டிப் பார்த்தார். "மேல நீங்க எண்ணுனது வாலு சார், மரம் பூரா கீழேல்ல இருக்கு."

ஏரி

விக்கிரமங்கலத்துக்கு அருகே ஓர் ஏரி. மழை பொய்த்த வருடங்களில் அது முழுக்கச் சீமைக்கருவேலம். அதை வெட்டிக் கரி சுட்டுத்தான் முத்துசாமி குடும்பம் நடத்தினார். ஒரு கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பெய்து, ஏரி நிரம்பி வழிந்தது. மாசியில் போனபோதும் தண்ணீர் வற்றவில்லை. முள்மரமெல்லாம் இலையுதிர்ந்து, கருத்து, செத்து நின்றது. இடையில் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை அல்லி.

இனி என்ன செய்வார் என்ற கவலையோடு முத்துசாமியைத் தேடினேன். கரையில் உட்கார்ந்து வலை பின்னக் கற்றுக்கொண்டிருந்தார். "மூணு வருசமா வெட்டியும் எனக்கு மாளலீங்க, இந்தத் தண்ணி மூணே நாள்ல முடிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்துக் கெடக்குது பாருங்க."

ஆபீஸ் படிவத்தில் மலைத்துப்போனதை எழுத ஒரு கட்டம்கூட இல்லாததால், ஒவ்வொரு வருடமும் "மாற்றம் உண்டு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.