ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை

1. பொறுப்பேற்ற நாள்

அரசு விதைக் கிடங்கில் நான் பொறுப்பேற்ற அன்று, எனக்கு முன்னால் இருந்தவர் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒரு புத்திமதியும் கொடுத்தார். "எவனையும் நம்பாதய்யா. விதைன்னு வாங்கிக்கினு போயி எண்ணெ மில்லுல போட்டுட்டு வருவானுங்க."

எனக்கு அந்தப் புத்திமதியே தேவையில்லை. காப்பியில் சர்க்கரை போட்டாயிற்று என்று மனைவி சொன்னாலும் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

கிடங்கு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் இருந்தது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். காலம் எண்பதுகளின் நடுப்பகுதி. மானாவாரி மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஆனி மாதத்தில் ஒரு தேதி குறித்து விதை கொடுப்போம். காயாகத்தான் கொடுப்போம். குடும்பமே உட்கார்ந்து உடைத்துப் பருப்பாக்க இரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் மழை வராவிட்டால் உடைத்த பருப்பு முளைப்புத்திறனை இழந்துவிடும். வீட்டில் கஷ்டமென்றால் அடுப்புக்கும் போகும். இதை நாங்கள் 'விதை துஷ்பிரயோகம்' என்று எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன்.

2. மூன்று இலாகா, ஒரு மேஜை

திண்டிவனம் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து டாக்டர் சுகுமாரன் என்பவர் வந்தார். எங்கள் தாலுகாவின் பழைய மழைக் கணக்குகளையெல்லாம் நகலெடுத்து வருஷக்கணக்கில் கூட்டிக் கழித்தவர். ஆனி மழை முன்போலத் தேதிக்கு வருவதில்லை, வந்தாலும் இடையில் நீண்ட வறட்சி விழுகிறது என்றார். அவருடைய யோசனை எளிமையானது. தேதியைப் பார்த்து விதை கொடுக்காதீர்கள், மழையைப் பார்த்துக் கொடுங்கள். தாலுகா ஆபீஸ் மழைமானியில் ஒரே நாளில் இருபது மில்லிமீட்டர் பதிவானால் மறுநாள் காலை கிடங்கைத் திறக்க வேண்டும்.

இதற்காக வருவாய்த்துறை, வேளாண்மைத்துறை, ஆராய்ச்சிப் பண்ணை மூன்றும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. ஆளுக்கொரு சந்தேகம். மழைமானியைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறோம் என்று வருவாய்த்துறைக்கு. எங்கள் வேலைக்குப் பண்ணைக்காரர்கள் பெயர் வாங்கப் பார்க்கிறார்கள் என்று எங்கள் அதிகாரிக்கு. சுகுமாரன் பதவி உயர்வுக்குத்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கு.

ஆனாலும் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. காரணம் ஒன்றும் பெருமையானது அல்ல. மழை பெய்த பிறகு விதை கொடுத்தால் மில்லுக்குப் போகாது என்று நினைத்தேன். ஆறு மாதம் இழுத்து, உத்தரவு வந்தது.

3. மண்ணாங்கட்டி

அந்த ஆனியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் ஸ்டாக் எண்ணுவதற்காகக் கிடங்குக்குப் போயிருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் அஞ்சலை என்ற அம்மா வந்து நின்றார். மூன்று காணி செம்மண் வைத்திருந்தவர். கணவர் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தார், விவசாயம் முழுக்க இவர் தலையில். கையில் ஒரு மண்ணாங்கட்டி இருந்தது.

"ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் எறங்கிக்கீது சார். விதய குடுங்க. இன்னிக்கே உடைக்க குந்தினா செவ்வாக்கெழம வெதச்சிடுவேன்."

"ரீடிங் வரட்டும்மா. இருபது இருந்தாத்தான் குடுக்க முடியும்."

"மண்ணே சொல்லுதே சார். அதுக்கு மேல என்னா ரீடிங்கு?"

"கெணத்துத் தண்ணியில நனைச்சிக் கொண்டாந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கெணத்துல தண்ணி இருந்தா நான் எதுக்கு சார் மழைக்குக் காத்துக்கினு கெடக்கறேன்?" மண்ணை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மனசு கேட்காமல் தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். மழைமானியைச் சுற்றிக் கம்பிவேலி, அதில் பூட்டு. வாட்ச்மேன் சொன்னார்: "சாவிய கஜேந்திரன் சார் எடுத்துக்கினு பூட்டாரு. வூடு பிரம்மதேசத்துல. நாளைக்குத்தான் வருவாரு." கஜேந்திரன் மழையளவு எடுக்கும் எழுத்தர். எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். உத்தரவு என் பக்கம் இருந்தது. திரும்பி வந்து மூட்டைகளை எண்ணினேன்.

கஜேந்திரன் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து அளந்தார். இருபத்தாறு. கடிதம் தபாலில் சுற்றி என்னிடம் வர செவ்வாய் மாலை ஆனது. புதன்கிழமை கிடங்கைத் திறந்தேன். அஞ்சலை விதை வாங்கி, உடைத்து, நிலத்தில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை. செம்மண்ணில் மேல் ஈரம் அத்தனை நாள் நிற்காது. அடுத்த மழை மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. பஸ்ஸில் போகும்போது அந்த நிலத்தைப் பார்த்தேன். சால் சாலாக வெறும் மண், அங்கங்கே ஒரு செடி.

4. ரிஜிஸ்டர்

ஐப்பசியில் விழுப்புரத்தில் ஆய்வுக் கூட்டம். திட்டம் ஏன் தோற்றது என்பதற்கு எங்கள் அதிகாரி முன்கூட்டியே ஒரு வாசகம் தயாரித்து வைத்திருந்தார்: 'விவசாயிகள் விதை உடைப்பதில் காட்டிய மெத்தனம்.' அது பதிவானால் திட்டமும் ரத்தாகும், பழியும் அவர்கள் தலையில் நிற்கும்.

மழை ரிஜிஸ்டர் என் மடியில் இருந்தது. கஜேந்திரனை எதிலாவது பிடிக்கலாம் என்றுதான் கேட்டு வாங்கியிருந்தேன். புரட்டிக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூஜ்யம். அந்த வருஷம் மட்டுமில்லை, ரிஜிஸ்டர் முழுக்க. எங்கள் தாலுகாவில் மழைக்கும் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அளந்திருக்க வேண்டியதெல்லாம் திங்கட்கிழமைக் கணக்கில் ஏறியிருந்தது.

சுகுமாரனிடம் நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நாலு வருஷமா இதை வெச்சுத்தான் சார் கணக்குப் போட்டேன்" என்றார். அந்த மனுஷரைச் சந்தேகப்பட்டதற்கு அப்போது வெட்கப்பட்டேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த கஜேந்திரன் அசரவில்லை. "ஞாயித்துக்கெழம அளந்திருந்தா மட்டும் யாரு விதைக்கு வந்திருக்கப் போறாங்க? ஒருத்தராச்சும் வந்தாங்களா, டெப்போ சாரையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் அதிகாரி தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

"ஒரு அம்மா வந்தாங்க சார்," என்றேன். "ஈர மண்ணையும் கையில கொண்டாந்தாங்க. நான்தான் நம்பாம திருப்பி அனுப்பினேன்."

எனக்கு மெமோ வந்தது. உத்தரவும் திருத்தப்பட்டது. வேலிக்கு இரண்டாவது சாவி, அது கிடங்கில் இருக்கும். ஞாயிறு உட்பட தினமும் காலை எட்டரைக்கு அளவு. கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சுகுமாரன் தன் கணக்கை முதலிலிருந்து போட்டார்.

5. குவளை

மறு வருஷம் முதல் மழை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்தது. எட்டரைக்கு வேலியைத் திறக்கும்போது பின்னால் அஞ்சலை நின்றார்.

"நீங்க ஏம்மா இங்க? நான் அளந்துட்டு வந்து சொல்றேன்."

"நீங்க சொல்ல வேணாம் சார். நானே பாக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அரசாங்க ஊழியன் வார்த்தையில் நம்பிக்கை இல்லையா என்று கேட்டே விட்டேன்.

"போன வருசம் நான் சொன்னத நீங்க நம்புனீங்களா?"

அளவுக் குவளையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மழைமானிக்குள் இருந்த பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றினேன். அதன் மேல்கோடுதான் இருபது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்ட பிறகும் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து அளவெடுக்கும்போது ஒரு விவசாயி பக்கத்தில் நின்று கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும் என்று மேலே எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன், சந்தேகப்படுவது தப்பில்லை. கை நீட்டிக் கேட்க வந்தவரை மட்டும் சந்தேகப்பட்டு, நம் பக்கத்து ரிஜிஸ்டரை வேதமாக நினைத்தேனே, அதுதான் தப்பு. உங்களையும் நாலு பேர் சந்தேகப்பட இடம் கொடுங்கள்.

அன்று மணி ஒன்பதுக்கெல்லாம் அஞ்சலையின் மூட்டை வண்டியில் ஏறிவிட்டது. போன வருஷத்துக்கு மன்னிப்புக் கேட்கலாமென்று பக்கத்தில் போனேன். "அப்புறம் பேசலாம் சார், உடைக்கணும்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.