‘ஒண்ணொண்ணா கேளுங்க, அங்கிள்!’

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர் நீதிமன்றம் ஒன்றில் நடந்தது இது. சாட்சி சொல்ல வரும் பிள்ளைகளுக்குத் துணையாக உட்காரும் தொண்டூழியர் நான். அன்று என்னோடு இருந்தவள் பூன் லேயில் வசிக்கும் ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொண்ட பெண், அவளை அடித்துக் காயப்படுத்தியதாக வழக்கு.

அந்தப் பெண்ணைப் பார்த்தால் மகள் வாயே திறக்க மாட்டாள் என்று அவள் அம்மா கலங்கிப் போயிருந்தார். நல்ல வேளையாக, பிள்ளைகள் இப்போது தனி அறையில் இருந்தபடி வீடியோ வழியே சாட்சி சொல்லலாம்.

“அந்த ஆன்ட்டி டிவில தெரிவாங்களா?” அறையிலிருந்த திரையைக் காட்டிக் கேட்டாள் சிறுமி.

“மாட்டாங்கம்மா. ஜட்ஜும் லாயரும் மட்டும்தான்.”

விசாரணை தொடங்கியதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் இருக்கலாம். ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்கக் கூடாது. முதலில் முணுமுணுத்தாள். பிறகு மெல்ல மெல்ல நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

அடுத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர். வீட்டுப்பாடம் செய்யாமல் ஓடி விளையாடி, நீயே கீழே விழுந்து, அம்மா திட்டுவார் என்று பயந்து பொய் சொன்னாய், சரிதானே என்று ஒரே மூச்சில் கேட்டார்.

அவள் என் கையை விட்டுவிட்டு மைக் அருகே நகர்ந்தாள்.

“ஒண்ணொண்ணா கேளுங்க லா, அங்கிள்! ஒண்ணுக்குத்தான் ஆமா. மத்ததுக்கெல்லாம் இல்ல.”

திரையில் தெரிந்த பெண் நீதிபதி சிரித்துவிட்டார். கேள்விகளைப் பிரித்துக் கேட்கச் சொன்னார்.

“ஹோம்வொர்க் செய்யலை. அது ஆமா. ஓடலை. விழலை. பொய் சொல்லலை. ஆன்ட்டிதான் அடிச்சாங்க.” ஒவ்வொரு பதிலுக்கும் அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது.

வெளியே வந்ததும் அம்மாவிடம் ஓடி, “ஜட்ஜ் என்னைப் பார்த்து சிரிச்சாங்கம்மா! பசிக்குது, தேக்கா மார்க்கெட்ல சாப்பிடப் போலாமா?” என்றாள். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குற்றம் நிரூபணமாகிவிட்டதாம். “அது கிடக்கட்டும்க்கா, இவ இப்ப வீட்ல வாயே மூட மாட்டேங்கிறா!” என்றார், அத்தனை பூரிப்போடு.

பயமில்லாமல் பேச ஓர் இடம் கொடுத்துவிட்டால் ஒரு பிள்ளை எவ்வளவு பெரியவளாகிவிடுகிறாள் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்; வேறொரு பிள்ளையோடு அந்த அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்த மகிழ்ச்சிதான் எனக்குத் தெம்பு.