ஜோடுதான் கனம்

பழைய பேப்பர்காரர் நேற்று செய்தித்தாள் கட்டைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார். முள் ஆடி நின்றது. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், இதே மாதிரித் தராசில் நான் குழந்தைகளைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஃபிஜியில், வுனிமோனோவில். ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த சமயம். குத்தகை நிலம் பறிபோன, கரும்பு பயிரிட்ட இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே வந்து ஒண்டியிருந்தன. படித்தவர்கள் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நானோ சேவை செய்கிறேன் பேர்வழி என்று தமிழ்நாட்டிலிருந்து போய் இறங்கினேன். நோஞ்சான் பிள்ளைகளுக்கான சத்துணவு மையம். வாய்க்கால் ஓரத்துச் சேப்பங்கீரையைப் பறித்துச் சமைக்கும் பெண்களுக்கு, ஆப்பிளும் திராட்சையும் வரைந்த படத்தை மாட்டி வகுப்பெடுத்தேன். என்ன திமிர் பாருங்கள்!

மையத்தின் தலைவர் நம் ஊர் டாக்டர்தான். மகா உத்தமர். எடை சிவப்புக் கோட்டைத் தாண்டினால் பிள்ளைக்குப் பால்பவுடர் நின்றுவிடும். அது விதி. அப்படித் தேறிய பிள்ளைகளைக் காட்டித்தான் அவர் ஆக்லாந்தில் வேலை கேட்டிருந்தார். அதனால் நன்கொடையாளர்கள் வந்த அன்று, பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கஞ்சி ஊற்றி, புதுக் கவுனும் ஷூவும் மாட்டி, அப்படியே எடை போடச் சொன்னார். போட்டேன். இரண்டு வயது லட்சுமி கோட்டைத் தாண்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். 'தேறியது' என்று நான்தான் எழுதினேன், கொட்டை எழுத்தில்.

அவள் அம்மா அங்கம்மா மட்டும் கைதட்டவில்லை. "ஜோடுதான் பாய் கனம். புள்ள கனமில்லே. பாலை நிறுத்தாதே பாய்," என்றாள். அங்கே பாய் என்றால் அண்ணன், ஜோடு என்றால் ஷூ.

"எழுதியாச்சும்மா. ரூல்ஸ்," என்றான் இந்த அண்ணன்.

மூன்றே வாரத்தில் டாக்டருக்கு விசா வந்தது. ஸ்டோர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார். மறுநாள் அங்கம்மா வந்தாள். பிள்ளையின் துணியை அவிழ்த்து, தானே தூளியில் போட்டுத் தராசில் மாட்டினாள். முள் கோட்டுக்கு வெகு கீழே நின்றது.

"பாரு பாய்."

பூட்டிய கதவுக்குப் பின்னால் டின் டின்னாகப் பால்பவுடர். ஒரு கடப்பாரை போதும். "சாவி இல்லையேம்மா," என்றேன். பூட்டை உடைத்தால் புகார் வரும், ஊர் திரும்ப முடியாது என்று பயம். தூ! அடுத்த வாரம் நானும் விமானம் ஏறினேன்.

மையம் இப்போது இல்லையாம். அந்தக் குடும்பங்களும் திசைக்கொன்றாகப் போய்விட்டனவாம். டாக்டர் ஆக்லாந்தில் சௌக்கியம். புது ஷூவோடு லட்சுமி நிற்கும் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாராம். இவ்வளவும் சொன்ன பழைய நண்பரிடம், லட்சுமி இருக்கிறாளா என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.