ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை

என் அக்காவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் வேலை. ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கோபமாகத்தான் இருப்பார்கள். அக்கா அவர்களிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

ஒரு மதியம் ஒரு சிறுமி கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, கதவை மூடினா உள்ள லைட் அணைஞ்சிடுமா?"

"அணைஞ்சிடும்மா. ஓரத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கும். கதவு அதை அழுத்தும், லைட் அணைஞ்சிடும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அக்கா பார்த்ததில்லை. "அப்ப பாத்துட்டு சொல்லுங்க" என்று சிறுமி போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை அக்கா, அவள் கணவரான மாமாவின் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, முட்டைத் தட்டில் சாய்த்துவைத்து, ஃப்ரிட்ஜ் கதவை மூடினாள். பிறகு மறந்துபோனாள். மாமா போனைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். கடைசியில் என் போனிலிருந்து கூப்பிட்டோம். ஃப்ரிட்ஜுக்குள் மணி அடித்தது.

"உங்க அக்கா எதையும் கெட்டுப்போக விடமாட்டா" என்றார் மாமா.

வீடியோவில், கதவு மூடியதும் கும்மிருட்டு. மறுநாள் சிறுமி கூப்பிட்டபோது அக்கா அதைச் சொன்னாள். சிறுமி ஏற்றுக்கொண்டாள். உடனே அடுத்த கேள்வி: "ஃப்ரிட்ஜோட முதுகு ஏன் சுடுது?"

"ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிக்காதும்மா. உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய விடும். வீட்டைக் கூட்டி, குப்பையை வாசல்ல தள்ற மாதிரி."

"வாசல்னா எது?"

"உங்க சமையலறைதான்."

"சமையலறை" என்று சிறுமி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நன்றி சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டது சிறுமியின் அம்மா. பால் திரிந்துவிட்டது, காய்கறி வாடிவிட்டது, பெண் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்துபோட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் கம்பெனி ஆன்ட்டி என்கிறாள்.

"திறந்து வைக்க நான் சொல்லலைங்க" என்றாள் அக்கா. "பாப்பாகிட்ட குடுங்களேன்."

சிறுமி வந்தாள். "ரூம் குளிருமான்னு பாக்கல ஆன்ட்டி. குளிராதுன்னு தெரியும். முன்னாடி இழுக்கற சூட்டை பின்னாடி அதே ரூம்லதானே விடுது."

"தெர்மாமீட்டர் வச்சியா?"

"சுவர்ல மாட்டி வச்சிருந்தேன். சூடு ஏறிடுச்சு. ஏன் ஏறணும்? எடுத்ததும் விட்டதும் சரியாப் போயிருக்கணும்ல?"

"மோட்டார் ஓடற கரண்டும் கடைசில சூடாத்தாம்மா மாறும். அதுவும் சேந்திருக்கும்."

"அதை நீங்க சொல்லவே இல்ல."

சொல்லவில்லைதான். அக்கா மன்னிப்புக் கேட்டாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவும், பாலுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துச் சமாதானமானார்.

பேச்செல்லாம் பதிவாகும் ஆபீஸ் அது. சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு, இனிக் குழந்தைகளிடம் பேசக் கூடாது என்றார். கம்ப்யூட்டரில் புகாரின் வகையைக் குறிக்க வேண்டும். 'கேள்வி' என்று ஒரு வகை அதில் கிடையாது. 'கதவு மூடவில்லை' என்று அவரே போட்டார். மெக்கானிக் போய், கதவு மூடுகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தார்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் பலத்த சத்தத்துடன் கழுவப்பட்டன. நானும் மாமாவும் ஹாலைவிட்டு நகரவில்லை. "இத்தனை வருஷத்துல ஒருத்திதான் தெரிஞ்சுக்கணும்னு கூப்பிட்டா" என்று அக்கா குழாயிடம் சொன்னாள்.

சில நாள் கழித்து சூப்பர்வைசர் அவள் மேசைக்கு வந்தார். பதிவை மறுபடி கேட்டிருப்பார் போல. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஃப்ரிட்ஜை மூடின உடனே திறந்தா கதவு இறுக்கமா இருக்கே, ஏம்மா அது?"

"திறக்கும்போது வெளிக்காத்து உள்ள போயிடுது சார். மூடினதும் அது குளிர்ந்து அழுத்தம் குறையுது. வெளிய இருக்கற காத்து கதவை அமுக்கிப் பிடிக்குது. கொஞ்சம் பொறுத்தா கசிஞ்சு சரியாயிடும்."

"நான் எங்க வீட்டுல கதவு ரப்பர் பழுதுன்னு ரெண்டு தடவை மாத்திட்டேன்" என்றார் அவர்.

அதற்கடுத்த மாதம் கம்ப்யூட்டரில் 'கேள்வி' என்று ஒரு வகை வந்தது. குழந்தை பேசினால் போனை அக்காவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று வாய்மொழி உத்தரவும் வந்தது. இதனால் சம்பளம் ஏறவில்லை.

நேற்று ஒரு பையன், மைக்ரோவேவ் கண்ணாடியில் ஏன் வலை இருக்கிறது என்று கேட்டானாம். அவர்கள் கம்பெனி மைக்ரோவேவ் செய்வதில்லை. அக்கா, பார்த்துச் சொல்கிறேன் என்று நாளை மதியம் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.