ஷேட் நம்பர் பதினாலு

உங்கள் வீட்டு ஆமைக்கு என்ன ஷேட் நம்பர்? தெரியாதா? எங்கள் வீட்டு ஆமைக்குப் பதினாலு. வந்த அன்றைக்கே பார்த்துக் குறித்தாயிற்று.

பார்த்தது மாமா. அம்மாவின் தம்பி. ஓசூரில் பைக் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. உலகத்தில் எதைப் பார்த்தாலும் முதலில் கலர் சரியா என்றுதான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி தட்டுக்குத் தட்டு வேறு கலரில் இருக்கிறது என்று சொல்லி, அந்தச் சம்பந்தத்தையே முறித்துக்கொண்டு வந்தவர். சூளகிரிப் பக்கம் புதுக் கம்பெனி கட்ட ஜேசிபி விட்டுப் புதரை எல்லாம் வழித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மண்ணோடு புரண்டு கிடந்த நட்சத்திர ஆமையை மாமா லஞ்ச் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். கறுப்பு ஓடு, கட்டத்துக்குக் கட்டம் வெடித்துப் பரவும் மஞ்சள் கோடுகள். எனக்கு எட்டு வயது. சந்தோஷத்தில் விக்கலே வந்துவிட்டது.

"ஏண்டா, ஆமை புகுந்த வீடு உருப்படுமாடா? ஒம் மச்சான் ஆறு வருசமா காண்ட்ராக்ட்லயே கெடக்குறாரு, அது பத்தாதா?" என்றாள் அம்மா.

அப்பா வேறொரு கம்பெனி. அங்கே பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்டுக்குச் சாம்பல். அப்பாவுடையது சாம்பல். ஒவ்வொரு தீபாவளிக்கும் பர்மனென்ட் ஆகிறவர்களின் புது லிஸ்ட் வரும். அப்பா பெயர் வராது.

மாமா அசரவில்லை. தீப்பெட்டி அளவில் நான்கு தகரத் துண்டுகளை எடுத்தார். நான்கிலும் மஞ்சள், ஒன்றைவிட ஒன்று அடர்த்தி. பதினொன்று முதல் பதினாலு வரை பின்னால் நம்பர். ஓட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு அறிவித்தார். "பதினாலு. ஏ ஒன் பீஸு, அக்கா!"

அன்றிலிருந்து மாமாவின் லீவு நாளான ஞாயிறுதோறும் செக்கிங். நோட்டில் எழுதுவது என் டியூட்டி.

அடுத்து மாமா செய்ததுதான் பெயிண்ட் ஷாப்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். "வெயில்ல நிறுத்துனா பைக் டேங்கே வெளுக்குது பாப்பா. ஆமை வெளுக்காதா?" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டார். வெயிலே காட்டவில்லை. இரண்டே மாதம். பதினாலு பதின்மூன்றாகி, பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது.

அம்மாவுக்கு இது போதாதா? "பாத்தியா, மங்குது. வீட்டுக்கு என்னமோ வரப்போகுதுன்னு காட்டுது. தீபாவளிக்குள்ள பழைய நெறம் வரலேன்னா எங்கருந்து தூக்கிட்டு வந்தியோ அங்கயே விட்டுரணும், சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை. மாமாவுக்குத் தன்மானப் பிரச்சினை.

எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷனில்தான் ஹவுஸ் ஓனரம்மா. பாதி கன்னடம், பாதி தமிழ். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆமெ மனேகெ பர்பேகந்த்ரெ புண்ணிய மாடிர்பேகு! வீட்டுக்கு ஆமை வர்றதுக்கே புண்ணியம் பண்ணிருக்கணும்மா, நீங்க தொரத்துறீங்க. பதினோரு வெள்ளி மஞ்ச குங்குமம் வெச்சுக் கும்புடுங்க. நெனச்சது நடக்கும்."

"எங்க விருதுநகர்ப் பக்கம் வந்து இதச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க" என்று அம்மா சிரித்தாள்.

நானும் மாமாவும் ஆராய்ச்சியில் இறங்கினோம். மஞ்சளாக இருப்பதைத் தின்றால் மஞ்சளாகும். இதுதான் எங்கள் கொள்கை. மாமா பூ மார்க்கெட்டில் உதிர்ந்த செண்டுமல்லியை அள்ளி வருவார். நான் கேரட் சீவிப் போடுவேன். ஆமை இரண்டையும் மிதித்துக்கொண்டு போய்ச் சுவரை முட்டும். ஆனால் அடுத்த ஞாயிறு லேசாக ஏறியிருந்தது! அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது வாரம் பதின்மூன்று! நான் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். பெட்டியைத் திறந்தால் சாமி ரூம் வாசனை அடிக்கும். செண்டுமல்லி தின்றால் அப்படித்தான் மணக்கும் என்று நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.

பத்தாவது ஞாயிறு, பதினாலு. மாமா ஓட்டின் மேல் கற்பனையாக ஒரு 'ஓகே' முத்திரை குத்தினார். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஜெயித்துவிட்டோம்!

அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூலில் அறிவியல் கண்காட்சி. 'ஆமை ஓட்டின் நிறத்தை மாற்றுவது எது?' என்று சார்ட் எழுதி, கீழே 'கேரட், செண்டுமல்லி' என்று ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. வியாழன் சாயங்காலம், பளபளவென்று இருக்கட்டுமே என்று ஆமையைப் பக்கெட்டில் இறக்கி, பழைய பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

"மாமா! பெயிண்ட் உரியுது!"

மாமா ஓடி வந்து, விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "பெயிண்ட் இல்லடி. மஞ்சப்பொடி." தகரத்தை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு. "ஓனரம்மா வேலதான் இது! பத்து வாரமா மேல பூசி ரீவொர்க் பண்ணி நம்மள ஏமாத்திருக்காங்க!"

அடுப்படியில் நின்ற அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா வாசலில் போய்ச் சண்டைக்கு நின்றார். ஓனரம்மா மாமாவைப் பார்த்தார், பிறகு எங்கள் அடுப்படிப் பக்கம் பார்த்தார். "ஆமா, நாந்தான் பூசுனேன். அதுக்கென்ன இப்ப?" மாமா முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் துடைக்கப் போனதும், உள்ளே வந்து அம்மாவிடம் மெல்லக் கேட்டார். "எஷ்டு வார ஆயித்தம்மா?"

"பத்து" என்றாள் அம்மா.

எத்தனை வாரம் என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஓசூர்ப் பிள்ளைக்கு அந்தக் கன்னடம்கூடத் தெரியாதா? எதற்குப் பத்து என்பதுதான் புரியவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. சார்ட்டில் கேரட்டையும் செண்டுமல்லியையும் அடித்துவிட்டு 'மஞ்சள்தூள்' என்று எழுத வேண்டும். கண்டுபிடிப்பு என்றால் இதுவல்லவா கண்டுபிடிப்பு!

"நாளைக்கு அதக் கொண்டு போகாதடி" என்றாள் அம்மா.

"கண்காட்சியே நாளைக்குத்தாம்மா!"

"அப்பக் காலைல பத்து நிமிசம் எங்கிட்ட விடு. பத்தே நிமிசம்."

பத்து நிமிஷமா? அதற்குள் யாராவது மறுபடி மஞ்சள் பூசிவிட்டால் என் ஆராய்ச்சி என்ன ஆவது? காலையில் எழுந்ததிலிருந்து கூடையை மடியைவிட்டு இறக்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூட இடது கையில் கூடை. வேன் ஹாரன் கேட்டதும் ஓடிவிட்டேன்.

ஸ்கூலில் சயின்ஸ் மிஸ் கூடைக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது, பதினொன்றுக்கும் கீழே. "இத வீட்டுல வெச்சிருந்தா ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போடுவாங்க. உள்ள தள்ளிருவாங்கடா கண்ணு." டைரியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். மாமா பெர்மிஷன் போட்டுவிட்டு வண்டியில் பறந்து வந்தார். கூடையை வாங்கிக்கொண்டு, ஜேசிபி இன்னும் போகாத சூளகிரிக் கரட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

பின்னாளில் காலேஜில் விலங்கியல் படித்தபோது தெரிந்தது, நாங்கள் செய்தது அத்தனையும் தலைகீழ். ஓடு நகம் மாதிரி. வெயிலும் பச்சைத் தழையும் கிடைத்தால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் புதிதாக வளர்கிற பகுதிதான் நல்ல நிறத்தோடு வரும். கேரட்டால் ஒன்றும் ஆகாது. வெயிலில்தான் விட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ட்டுக்கு ஆறுதல் பரிசு கிடைத்திருந்தது, ஒரு டிபன் பாக்ஸ். அதைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

"மஞ்சள்தூள்னு எழுதினதாலதாம்மா பிரைஸ்!"

அம்மா குளித்து, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். என் கையைப் பார்த்தாள்.

"கூடை எங்கடி?"

சொன்னேன். அம்மா திட்டவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், இருந்த மஞ்சளை எல்லாம் வாசப்படியில் பூசினாள். வெள்ளிக்கிழமைதானே, எல்லார் வீட்டிலும் பூசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ தீபாவளி போய்விட்டது. இன்றைக்கு அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட். சாம்பல் சட்டை கொடியில் காய்கிறது.